முதுமையில் மறதியும் மனச்சோர்வும்: வீட்டார் கவனிக்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

எழுபது வயதைக் கடந்த ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும், சாப்பாட்டில் நாட்டமின்றிக் கட்டிலில் முடங்கினாலும், நள்ளிரவில் எழுந்து உளறினாலும், நம் வீடுகளில் இந்த மூன்றுக்கும் ஒரே விளக்கம்தான் சொல்லப்படுகிறது: வயதாகிவிட்டது. இந்த விளக்கத்தால் முதியவர்கள் இழப்பது மிக அதிகம். சொன்னதையே சொல்வது டிமென்ஷியா எனப்படும் மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம். முடங்கிக் கிடப்பது மனச்சோர்வாக இருக்கலாம். அது எண்பது வயதிலும் சிகிச்சையால் குணமாகக்கூடியது. திடீரென்று உளறுவது சிறுநீர்த் தொற்றாலோ ரத்தத்தில் சோடியம் குறைந்ததாலோ வந்த சித்தக் குழப்பமாக இருக்கலாம். அப்படியானால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்றும் ஒருவரிடமே ஒன்றன்மேல் ஒன்றாக வருவதும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய மருத்துவர் பெரிதும் நம்பியிருப்பது, உடன் வசிப்பவர்கள் கண்ணால் கண்டு சொல்லும் விவரத்தைத்தான். அந்த விவரத்தை எப்படிச் சேகரிப்பது, யாரிடம் கொண்டுபோவது, நோய் உறுதியான பிறகு வீட்டை எப்படி நடத்துவது என்பதை இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இது சில குடும்பங்களின் துயரம் மட்டுமல்ல. 2023-இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் விகிதம் கூடுதல். இவர்களில் பெரும்பாலோர் எந்த மருத்துவரிடமும் காட்டப்படாமலே காலம் கழிக்கிறார்கள்.

இயல்பான மறதி எதுவரை?

வயது ஏறும்போது நினைவு சற்று மெதுவாவது இயல்பு. பக்கத்துத் தெருக்காரரின் பெயர் நாக்கு நுனியில் நின்று அரைமணி நேரம் கழித்து வருவதும், கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடி எடுப்பதும், பேரனின் பிறந்தநாள் தவறிப்போய் நினைவூட்டியதும் "அடடா" என்பதும் கவலைக்குரியவை அல்ல. நினைவூட்டியும் அப்படி ஒன்று நடந்ததாகவே அவருக்குத் தோன்றவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும். காலையில் மகள் வந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போயிருக்க, மாலையில் "அவ வந்து எத்தனை மாசமாச்சு" என்று கேட்பது வேறு வகை மறதி.

சிலருக்கு நினைவைவிட முன்பே சறுக்கத் தொடங்குவது, வரிசையாகச் செய்ய வேண்டிய வேலைகள்தான் என்பதைப் பல குடும்பங்கள் காலங்கடந்தே உணர்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பாட்டி ஒருவர், புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுவதில் தெருவுக்கே பேர்போனவர். ஒரு மார்கழியில் அவர் போட்ட கோலத்தில் இழை வளைந்து போய் மூடாமல் ஒரு புள்ளியில் நின்றது. அவர் அதைக் காலால் அழித்துவிட்டு நான்கு கோடு மட்டும் இழுத்துவிட்டு உள்ளே போனார். கேட்டதற்கு முதுகு வலி என்றார். அடுத்து குழம்பில் இரண்டு முறை உப்பு விழுந்தது, பிறகு ரேஷன் கடையில் மீதிச் சில்லறையை எண்ண முடியாமல் பர்ஸையே கடைக்காரரிடம் நீட்டினார். இவை ஒவ்வொன்றுக்கும் அவரே ஒரு காரணம் சொன்னார், வீட்டாரும் ஏற்றுக்கொண்டார்கள். தன் தடுமாற்றத்தை மறைக்க முதியவர்கள் படும் பாட்டைப் பொய் என்று எண்ணக் கூடாது. மானத்தைக் காத்துக்கொள்ளும் முயற்சி அது. ஆனால், வாழ்நாள் முழுதும் கை தானாகச் செய்துவந்த வேலையை ஒருவர் ஏதோ காரணம் சொல்லிக் கைவிடுகிறார் என்றால், அந்தக் காரணத்துக்குப் பின்னால் வேறொன்று இருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை.

எல்லா மறதி நோயும் மறதியில் தொடங்குவதில்லை. டிமென்ஷியாவில் 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமர் வகை; அது பெரும்பாலும் அண்மைய நினைவில் தொடங்கி மெல்ல மெல்லப் பரவும். மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வருவது, சில மாதம் ஒரே நிலையில் நின்று, ஒரு நாள் சட்டென்று ஒரு படி இறங்கும். இல்லாத குழந்தைகளையும் விலங்குகளையும் அறையில் தெளிவாகக் காண்பது, நடை இறுகுவது, உறக்கத்தில் கை கால்களை வீசுவது ஆகியவை சேர்ந்தால் லூயி பாடி வகையை மருத்துவர் நினைப்பார். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டால் நினைவு நன்றாக இருக்கும்போதே, அதுவரை கண்ணியமாக இருந்தவர் கூச்சமின்றிப் பேசுவதும் பிறர் துன்பத்தில் அக்கறை இழப்பதும் முதலில் தெரியும். இதைத் திமிர் என்றும் புத்தி கெட்டுவிட்டது என்றும் திட்டித் தீர்க்கும் வீடுகளே அதிகம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

சந்தேகம் வந்த நாளிலிருந்து இரண்டு, மூன்று வாரம் ஒரு சிறு நோட்டில் குறித்து வாருங்கள். "ரொம்ப மறக்கிறார்" என்ற ஒற்றை வரியால் மருத்துவருக்குப் பயன் குறைவு. என்ன நடந்தது, எந்த நேரத்தில், அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், அன்று தூக்கமும் சாப்பாடும் எப்படி, மலச்சிக்கல் உண்டா, புதிதாக எந்த மாத்திரை சேர்ந்தது என்று எழுதுங்கள். முதல் மாற்றம் எப்போது தெரிந்தது என்பதை ஒரு நிகழ்ச்சியோடு பொருத்திப் பாருங்கள். தேதி நினைவில்லாவிட்டாலும் "சின்னவள் கல்யாணத்தில் சரியாகத்தான் இருந்தார், அடுத்த பொங்கலுக்குச் சீர்வரிசையைக் குழப்பினார்" என்று சொல்ல முடிந்தால் நோயின் வேகம் மருத்துவருக்குப் பிடிபடும். அவர் செய்ய முடிந்தவற்றையும் அதே நோட்டில் எழுதுங்கள். சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் அதுவே அடித்தளம்.

நோட்டோடு ஒரு துணிப்பையில், வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் போட்டு எடுத்துச் செல்லுங்கள்: சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரை வரை எல்லாமே. குளோர்பெனிரமின் போன்ற பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், சிறுநீரை அடக்கத் தரப்படும் ஆக்ஸிபியூட்டினின், கை நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில், அல்பிரசோலம் வகைத் தூக்க மாத்திரைகள் ஆகியவை முதியவர்களின் தெளிவை நேரடியாகக் கலைக்கக் கூடியவை. அல்பிரசோலத்தை நீண்ட நாள் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம் என்பதால், நீங்களாக எதையும் நிறுத்தாமல் மருத்துவர் சொல்லும் அளவில் குறைக்க வேண்டும்.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று குழம்பினால்

டிமென்ஷியா மாதக்கணக்கில் வருவது; சித்தக் குழப்பம் மணிக்கணக்கிலோ ஓரிரு நாட்களிலோ வருவது. காலையில் தெளிவாக இருந்தவர் மாலையில் ஆள் தெரியாமல் பேசுவார், கவனம் ஒரு நொடிகூட நிற்காது, இரவில் கூடும், மறுநாள் காலை சற்றுத் தெளியும், மறுபடி கலங்கும். இன்னொரு வகையில் கூச்சல் எதுவும் இல்லாமல் அரைத் தூக்கத்திலேயே கிடப்பார். "நன்றாகத் தூங்குகிறார்" என்று வீட்டார் விட்டுவிடுவதால் இந்த அமைதியான வகைதான் பெரும்பாலும் தவறிப்போகிறது. காரணம் பெரும்பாலும் மூளைக்கு வெளியே இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, கடும் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, வெயில் காலத்தில் தண்ணீர் குறைவு, அழுத்த மாத்திரையில் சேர்ந்த தயாசைடு வகை மருந்தால் சோடியம் குறைவு, இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குழப்பம். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே தொற்று இருக்கலாம்.

சர்க்கரை நோயாளி என்றால் முதல் வேலையாகக் குளுக்கோமீட்டரில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சாப்பிட மறந்துவிட்டு, மாத்திரையையோ இன்சுலினையோ மட்டும் எடுத்துக்கொண்டவருக்குச் சர்க்கரை இறங்கிக் குழம்புவது அடிக்கடி நடப்பது. 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சர்க்கரை கரைத்துக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வாய் கோணுவதோ ஒரு பக்கக் கை கால் தளர்வதோ பேச்சுக் குழறுவதோ சேர்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், 108-ஐ அழையுங்கள். சில வாரங்களுக்கு முன் விழுந்து தலையில் சின்னதாக அடிபட்டிருந்தாலும் மறக்காமல் சொல்லுங்கள். மண்டையோட்டுக்குள் மெல்லக் கசிந்து தேங்கும் ரத்தம், விழுந்ததை எல்லோரும் மறந்த பிறகுதான் குழப்பமாக வெளிப்படும், அதை அறுவை சிகிச்சையால் அகற்ற முடியும்.

மனச்சோர்வு

முதியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வது அரிது. உடம்பெல்லாம் வலி, வயிற்றில் எரிச்சல், நெஞ்சு படபடப்பு, விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு, வாய் கசப்பு என்று உடம்பின் வழியாகவே சொல்வார்கள். எடுத்த பரிசோதனைகளில் எதுவும் இல்லை என்று வந்தும் புகார் தொடரும். பூசை, செய்தித்தாள், கோவில், மாலைத் திண்ணைப் பேச்சு என்று விரும்பிச் செய்தவை ஒவ்வொன்றாக நின்றுபோகும். துணையை இழந்த பின்பும், ஓய்வு பெற்ற பின்பும், பிள்ளைகள் வெளிநாடு போன பின்பும் சில வாரம் துக்கம் இருப்பது இயற்கை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் பிடிப்பில்லாமலும், தன்னைச் சுமையாகவே கருதிப் பேசுவதும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மனச்சோர்வும் மறதியைப் போலவே தோற்றம் காட்டும். கேள்வி கேட்டால் மனச்சோர்வில் இருப்பவர் முயற்சியே செய்யாமல் "தெரியலை, என்னை விடுங்க" என்பார், தன் மறதியைப் பெரிதாகப் புலம்புவார். டிமென்ஷியா உள்ளவர் தவறான பதிலையும் நம்பிக்கையோடு சொல்வார், தனக்கு மறதியே இல்லை என்பார். இந்த வேறுபாடு எப்போதும் இவ்வளவு துலக்கமாக அமைவதில்லை, முதுமையில் முதன்முறை வரும் மனச்சோர்வு சிலருக்கு மறதி நோயின் முன்னோட்டமாகவும் இருக்கிறது. ஆகவே சோர்வு தீர்ந்த பிறகும் சில மாதம் கழித்து நினைவை மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சாவைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். "வாழ்ந்தது போதும்னு தோணுதாப்பா? ஏதாவது பண்ணிக்கலாம்னு நினைக்கிறீங்களா?" என்று அருகில் அமர்ந்து கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்ட பிறகுதான் பலர் முதன்முறையாக வாய் திறக்கிறார்கள். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அன்றே பூட்டி வையுங்கள் அல்லது வீட்டை விட்டு அகற்றுங்கள், மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்த நேரமும் தமிழில் பேசி ஆலோசனை பெற 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண் இருக்கிறது. மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும், பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்தக் கூடாது. முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகளில் சில சோடியத்தைக் குறைப்பதால், தொடங்கிய சில வாரங்களில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது

இந்தியாவில் முதியோருக்கென்று முதல் புறநோயாளிகள் பிரிவு 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வ.செ. நடராசனால் தொடங்கப்பட்டது, இன்றும் அங்கே முதியோர் மருத்துவத் துறை இயங்குகிறது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வெளியூர்களில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் அல்லது மனநலப் பிரிவும், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநல மருத்துவரும் முதல் படிக்குப் போதும். தொலைவில் உள்ள பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று மாதங்களைக் கடத்துவதைவிட, அருகில் இருப்பவரிடம் இந்த வாரமே காட்டுவது மேல். மூளைக்கு என்றதும் மனநல மருத்துவரிடமா என்று தயங்கும் உறவினர்களுக்காக ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

முழு ரத்தக் கணக்கு, சர்க்கரை, சோடியம், சிறுநீரக, கல்லீரல் செயல்பாடு, தைராய்டு, வைட்டமின் பி12 ஆகிய ரத்தப் பரிசோதனைகளும், தலைக்கு ஒரு சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேனும் வழக்கமாக எடுக்கப்படும். பட்டியலில் பி12 இல்லையென்றால் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட காலம் மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் அது குறைவது சாதாரணம். குறைவு நீண்டால் மறதியும் கால் மரத்தலும் வரும், காலத்தோடு ஊசி போட்டால் மீள வாய்ப்புண்டு. கால்கள் தரையோடு ஒட்டினாற்போல் நடை மாறுவது, சிறுநீர் கட்டுக்குள் நிற்காதது, மறதி ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் மூளைநீர் தேங்கும் நோயா என்று மருத்துவரிடம் குறிப்பாகக் கேளுங்கள். தேர்ந்தெடுத்த சிலருக்குக் குழாய் வைக்கும் அறுவை சிகிச்சை நல்ல பலன் தருகிறது.

நினைவுச் சோதனையில் கவனம் தேவை. 1975-இல் உருவான, 30 மதிப்பெண் கொண்ட சோதனை உலகெங்கும் பயன்படுகிறது, ஆனால் பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டி வாக்கியம் எழுதவோ படம் பார்த்து வரையவோ முடியாமல் மதிப்பெண் இழந்தால் அது நோய் ஆகிவிடாது. மறுபக்கம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டில் தடுமாறிக்கொண்டிருந்தும் சோதனையில் 28 வாங்கிவிடலாம். வளரும் நாடுகளில் இந்நோயை ஆராய்ந்த 10/66 என்ற பன்னாட்டுக் குழு சென்னையிலும் வேலூரிலும் ஆய்வு செய்தபோது, முதியவரிடம் கேட்ட கேள்விகளோடு அவரை நன்கறிந்த உறவினரிடம் கேட்ட கேள்விகளையும் சேர்த்தே கணித்தது. உங்கள் நோட்டுப் புத்தகத்தின் மதிப்பு இங்கேதான் தெரியும். சோதனைக்கு முன் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, கண்ணில் புரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கேள்வியே காதில் விழாதவரை மறதிக்காரர் என்று எழுதிவிடக் கூடாது.

நோய் உறுதியான பின்

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் ஆகிய மருந்துகள் நோயைக் குணப்படுத்துவதில்லை. சிலருக்கு ஓராண்டோ அதற்கு மேலோ அன்றாடத் திறனைச் சற்றே தாங்கிப் பிடிக்கும். டோனெபெசிலால் குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம், நாடித்துடிப்பு குறையலாம். மயங்கி விழுந்தால் உடனே சொல்ல வேண்டும். நோயை முற்றிலும் தீர்ப்பதாக விளம்பரம் செய்யும் எண்ணெய்க்கும் லேகியத்துக்கும் நகையை அடகு வைக்க வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பணம் பின்னாளில் பராமரிப்புக்குத் தேவைப்படும்.

அவரிடம் சொல்லலாமா என்பது எல்லாக் குடும்பத்திலும் எழும் கேள்வி. தொடக்க நிலையில் இருப்பவர் தனக்கு ஏதோ ஆகிறது என்று ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருப்பார் என்பதால், "நினைவுக்கான நரம்புகள்ல ஒரு நோய் இருக்கு, நாங்க கூட இருக்கோம்" என்று எளிமையாகச் சொல்வதே சரி என்பது என் கருத்து. சொன்னால்தான் அவருடைய விருப்பங்களையும் கேட்க முடியும்.

அதற்கான காலம் குறுகியது. முடிவெடுக்கும் திறன் இருக்கும்போதே வங்கிக் கணக்கை இருவரில் யாரும் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், நியமனதாரர்களைச் சரிபாருங்கள். உயில் எழுதுவதென்றால் இரண்டு சாட்சிகளோடு, அவர் தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்ற மருத்துவரின் சான்றையும் அதே நாளில் வாங்கி வைப்பது பிற்காலத் தகராறைக் குறைக்கும். பொது அதிகாரப் பத்திரம் கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் மனத்திறனை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. பெற்றோரை வற்புறுத்திச் செட்டில்மென்ட் எழுதி வாங்குவதும் இந்தக் காலத்தில்தான் அதிகம் நடக்கிறது. எழுதிக் கொடுப்பதானால், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்க முடியும்.

வீட்டுக்குள் அன்றாடம்

மாமியார் தன் சங்கிலியை மருமகள் திருடிவிட்டாள் என்று தெருவில் நின்று சொல்வது இந்நோயில் அடிக்கடி நிகழ்வது. பகல் இரவாகப் பார்த்துக்கொள்பவர் மீதே அந்தப் பழி விழுவதால், அது நெஞ்சைப் பிளக்கும். ஒளித்து வைத்த இடம் அவருக்கு மறந்துவிட்டது, பொருள் இல்லாததற்கு மூளை ஒரு காரணத்தை உருவாக்கிக்கொண்டது, கண்ணெதிரே இருப்பவர் அதில் சிக்கிக்கொண்டார், அவ்வளவுதான். "நான் ஏன் எடுக்கப்போறேன்" என்று வாதாடினால் சண்டை வளரும். "செயினைக் காணோமா அத்தை? வாங்க, ரெண்டு பேரும் தேடுவோம்" என்று கூடவே தேடுங்கள், அரிசிப் பானை, தலையணை உறை, பூசை அறைப் பெட்டி என்று அவர் வழக்கமாக ஒளிக்கும் இடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்ததை லாக்கருக்கு மாற்றி, அதே போன்ற கவரிங் ஒன்றைப் போட்டுவிடுவது பல வீடுகளில் அமைதியைக் கொண்டுவந்திருக்கிறது. கணவரும் மற்ற பிள்ளைகளும் அந்த மருமகளின் பக்கம் வெளிப்படையாக நிற்க வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

சொந்த வீட்டில் இருந்துகொண்டே "எங்க வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். மாலை மங்கும் நேரத்தில் இது கூடும். இதுதான் உங்கள் வீடு என்று பட்டாவைக் காட்டிப் பயனில்லை. பெரும்பாலும் அது பயத்தின் குரல், சில நேரம் பசியின் குரல், சிறுநீர் முட்டுவதன் குரல். "உங்க வீட்டுல கிணறு இருந்துச்சாமே, சொல்லுங்க" என்று பேச்சை அங்கேயே கொண்டுபோய், காபி கொடுத்து, விளக்குகளை முன்கூட்டியே போட்டுவிட்டு, தெரு முனை வரை நடந்து திரும்பினால் பல நாள் அடங்கிவிடும். இறந்துபோன கணவர் எங்கே என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அவர் இறந்துவிட்டார் என்று சொல்வது, ஒவ்வொரு முறையும் புதிதாக எழவு சொல்வதாகும், "அப்பா ஞாபகம் வந்துடுச்சா?" என்று கேட்டு அவரைப் பற்றிப் பேச விடுங்கள்.

குளியலுக்கு அடம் பிடித்தால், தலையில் சட்டென்று தண்ணீர் ஊற்றுவதைத் தவிருங்கள். வெதுவெதுப்பான நீரை வாளியில் முன்பே நிரப்பி, முக்காலியில் உட்காரவைத்து, தோளில் துண்டைப் போர்த்தி, பாதத்திலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். முடிந்தால் ஒரு குவளையை அவர் கையிலேயே கொடுங்கள். ஒரு நாள் தவறினால் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். குளியலறைத் தாழ்ப்பாளை உள்பக்கம் போட முடியாதபடி கழற்றிவிடுங்கள், கழிவறையருகே சுவரில் கைப்பிடி பதியுங்கள், இரவில் படுக்கையிலிருந்து கழிவறை வரை மங்கலான விளக்கு எரியட்டும்.

சமையலறையில் தனியே விட முடியாத நிலை வந்தால், கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போவதைப் பழக்கமாக்குங்கள். புடவைத் தலைப்பில் தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் எண்ணெய் விளக்குக்குப் பதில் மின்விளக்கு வையுங்கள். ஆனால் வேலையே இல்லாமல் உட்கார வைக்காதீர்கள். கீரை ஆய்வது, பூத்தொடுப்பது, துணி மடிப்பது, பட்டாணி உரிப்பது ஆகியவை கை அறிந்த வேலைகள். கோணலாக மடித்தாலும் அவர் கண்முன் திருத்தி மடிக்க வேண்டாம்.

வெளியே போய் வழி தெரியாமல் அலைவது எப்போது தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் முறை நடப்பதற்கு முன்பே சட்டைப்பையில் அல்லது கழுத்துக் கயிற்றில் கைபேசி எண் எழுதிய அட்டையும், உங்கள் போனில் அவருடைய அண்மைய புகைப்படமும் இருக்கட்டும். வாசற்கதவில் மணி கட்டுங்கள், தெருக்கோடிக் கடைக்காரரிடமும் ஆட்டோ நிறுத்தத்திலும் சொல்லி வையுங்கள். காணவில்லை என்றால் அரைமணிக்கு மேல் நீங்களாகவே தேடிக்கொண்டிராமல் 112-க்கு அழையுங்கள். பழைய வீடு, வேலை பார்த்த இடம், வழக்கமான கோவில், பேருந்து நிலையம் ஆகிய இடங்களுக்கு ஆளுக்கொருவராகச் செல்லுங்கள். அறையில் பூட்டி வைப்பதும் கட்டிலில் கட்டி வைப்பதும் கூடாது. கத்தலையும் அலைச்சலையும் அடக்க ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரைகளைக் கேட்டு வாங்குவதற்கு முன், டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் இவ்வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலும் 2008-இலும் எச்சரித்திருப்பதை அறியுங்கள். தவிர்க்க முடியாத நிலையில் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். லூயி பாடி வகை என்று சந்தேகம் இருந்தால் ஹாலோபெரிடால் மிக ஆபத்தானது.

நோய் முற்றும்போது விழுங்குவது கடினமாகும். நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு வாயாக, முந்தையது இறங்கியதைப் பார்த்து அடுத்ததைக் கொடுங்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பலருக்குத் தண்ணீரைவிடக் கூழும் கெட்டியான கஞ்சியும் எளிதில் இறங்கும்.

இனி வராமல் காக்க

லான்செட் மருத்துவ இதழ் டிமென்ஷியா பற்றி அமைத்த ஆணையம் 2024-இல் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் கோட்பாட்டளவில் 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. அவற்றில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, உடலுழைப்பின்மை ஆகியவை எல்லோரும் அறிந்தவை. காது கேளாமை, கண் பார்வைக் குறை, தனிமை, மனச்சோர்வு, தலைக் காயம் ஆகியவையும் அதே பட்டியலில் இருக்கின்றன என்பதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். ஐம்பதுகளில் இருக்கும் பிள்ளைகள் தமக்காகவே காதுக் கருவியையும் ஹெல்மெட்டையும் பொருட்படுத்த வேண்டும்.

பார்த்துக்கொள்பவருக்கு

இந்தப் பணி பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் என்று ஒரு பெண்ணின் தோளில் மட்டுமே விழுகிறது. அவருடைய தூக்கமின்மை, முதுகுவலி, கோபம், கோபித்த பின் வரும் குற்றவுணர்வு எதையும் யாரும் கேட்பதில்லை. உடன்பிறந்தவர்கள் ஒரு நாள் கூடி, யார் பணம் தருவது, யார் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, வாரத்தில் எந்த நேரம் யார் வந்து உட்காருவது என்று எழுதிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் பணத்தோடு நின்றுவிடாமல் ஆண்டுக்கு ஒருமுறையாவது சில வாரம் வந்து பொறுப்பை முழுதாக ஏற்க வேண்டும். முதியோர் உதவி எண் 14567 தமிழகத்திலும் இயங்குகிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் மறதி நோய்க்கான சேவையை நடத்துகிறது. 1992-இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட அல்சைமர் சங்கத்தின் கிளைகள் பல நகரங்களில் குடும்பத்தினருக்கு வழிகாட்டுகின்றன. பார்த்துக்கொள்பவரின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் நோயாளியின் பரிசோதனை நாளிலேயே சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

மாற்று ஆள் ஒருவரை அமர்த்துவதென்றால், பார்த்துக்கொள்பவர் படுத்த படுக்கையான பிறகு தேடத் தொடங்காதீர்கள். முதல் ஒரு வாரம் இருவரும் சேர்ந்தே இருந்து, அவருக்குப் பிடித்த காபிச் சூடு முதல் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார் என்பது வரை புதியவருக்குக் காட்டிக் கொடுத்து, முதியவருக்கு அந்த முகமும் குரலும் பழகிய பிறகு, முதலில் ஒரு மணி நேரமும் பின்னர் அரை நாளுமாக வெளியே சென்று வாருங்கள்.